கராம்பு நானாவின் பின்சக்கரம்

மாத்தளை மாவட்டத்தில் சைக்கிள் மிதித்த மனிதர்களிலேயே மிக மோசமான பந்தய வீரர் கராம்பு நானாதான். மிகைப்படுத்துவது என் இயல்பன்று. இலக்கியம் படிப்பவள் என்றாலும் தகவல்களில் நான் கறார். பலாபத்வல ஏற்றத்தில், பாண் விற்கும் பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் நானாவை முந்திப் போனதை என் கண்ணால் கண்டேன். முந்தியவர் திரும்பிப் பார்த்து, "நானா, மாலு பணிஸ் ஒண்ணு எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். நானா இறங்கி, அந்த மீன் பணிஸை வாங்கி, நின்று தின்றார். இது பயிற்சியின்போது நடந்ததன்று. பந்தயத்தின் நடுவே நடந்தது.

அவருடைய உண்மையான பெயர் அடையாள அட்டையில் மட்டுமே இருந்தது. நகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே கராம்பும் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கும் கடை வைத்திருந்ததால் அவர் கராம்பு நானா ஆனார். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். இவரோ தமிழருக்கும் சிங்களவருக்கும் தபால்காரருக்கும் பஸ் நடத்துநருக்கும் ஒருசேர நானா. வயது நாற்பத்தெட்டு. உயரம் சாதாரணம். அகலம் அசாதாரணம்.

அவருடைய சைக்கிள் வார நாள்களில் மூட்டை சுமக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்திலும் அதன் இரும்புக் கேரியர் கழற்றப்படாது. காரணம் கேட்டேன்.

"கேரியரக் கழட்டினா, நான் வேலைக்குப் போறல்ல எண்டு வீட்டுக்காரிக்கு வெளங்கிருமே!"

நெஞ்சில் பெரிய இலக்கம் தைத்த பனியனும், உடுப்புக் கொடிக் கவ்விகளால் இறுக்கிய காற்சட்டையுமாக வேலைக்குப் புறப்படும் கணவரை அந்த அம்மையார் எத்தனை ஆண்டுகள் நம்பினார் என்பது எனக்குத் தெரியாது.

இத்தகைய மனிதர்தான் எங்கள் 'சமவேகச் சைக்கிள் கழக'த்தின் தலைவர். வீரர்கள் நால்வர். நானா; தேயிலைத் தொழிற்சாலையில் பொறி பழுது பார்க்கும் செல்வராஜ்; பல்லேபொலவைச் சேர்ந்த பஸ் நடத்துநர் பண்டார; வங்கியில் எழுதுவினைஞராக இருந்த என் அண்ணன். ஐந்தாவதாக, சைக்கிளே ஓட்டத் தெரியாத நான், செயலாளர். என்னை அந்தப் பதவியில் அமர்த்தியது என் கையெழுத்து. கடையின் மூட்டைகளுக்கு ஒருமுறை அட்டை எழுதிக் கொடுத்தேன். நானா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரா எழுதுற ஆள் கோணலா ஒண்டும் செய்ய மாட்டா," என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு எவ்வளவு பிழையானது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் பகுதிக் கழகங்கள் ஆண்டுக்கொரு முறை நடத்திய பந்தயத்துக்கு ஒரு விதி உண்டு. நால்வர் கொண்ட அணியின் நேரம், அதன் கடைசி ஆள் கோட்டைத் தொடும் நேரம். மூவர் பறந்து வந்தாலும் நான்காமவர் வராவிட்டால் அணியே வரவில்லை என்றுதான் கணக்கு. இந்த விதியை மற்றக் கழகத்தார் சகித்துக்கொண்டார்கள். நானா ஒருவர்தான் அதைக் காதலித்தார்.

"தங்கச்சி, சைக்கிள் ரேஸ் எண்டா கால்ல ஈக்கு எண்டு எல்லாரும் நெனக்கிற. இல்ல. காத்துலதான் ஈக்கு. முன்னால ஒருத்தன் காத்த நெஞ்சில வாங்கினா, பின்னால வாற மூணு பேருக்கும் பாதி வேலதான். அல்லாஹ் எனக்கு இந்த ஒடம்ப சும்மாவா தந்திருக்கான்?"

எனவே முன்னால் எப்போதும் நானா. அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் மற்ற மூவர். யாராவது சற்று விலகி வெளியே வந்தால் உடனே குரல் கேட்கும்: "சக்கரத்த விடாதீங்க!" முன்னால் ஒருவர் காற்று வாங்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருப்பவர் வீரம் காட்டி வெளியே வரக் கூடாது, வந்தால் இருவர் உழைப்பும் வீண். இதுவே கழகத்தின் முதல் விதி. இரண்டாம் விதி எதுவும் இருக்கவில்லை.

இம்முறையில் ஒரே ஒரு குறை. பள்ளம் வந்தால் முன்னால் செல்பவர் இடக்கையைத் தூக்க வேண்டும்; பின்னால் வருபவர்கள் வலப்புறம் ஒதுங்க வேண்டும். நானாவோ தெரிந்தவர்களைக் கண்டாலும் அதே கையைத்தான் தூக்குவார். மாத்தளையில் அவருக்குத் தெரியாதவர்கள் யாருமில்லை. ஆதலால் பிரதான வீதியில் எங்கள் அணி, கண்ணாடி போல் மழமழவென்று கிடந்த தாரில், மருந்துக்கடைக்காரருக்கு ஒரு முறையும் தையற்காரருக்கு ஒரு முறையும் ஆசிரியை ஒருவருக்கு இரண்டு முறையும் ஒதுங்கி ஒதுங்கி நெளிந்து சென்றது.

"என்னா நானா, இது ரோடா ஆறா?" என்று செல்வராஜ் பின்னாலிருந்து கத்துவான். "ஆள் யாரு, பள்ளம் யாருன்னு சொல்லிட்டாவது கையத் தூக்குங்க!"

"ரெண்டுக்கும் மரியாத குடுக்கோணும் தம்பி!"

எங்கள் பயிற்சி ஓட்டங்களுக்கும் நான் பதிவேடு வைத்திருந்தேன். நாள், தூரம், 'முன்னால் சென்றவர்', 'பின்னால் இருந்தவர்கள்' என நான்கு பத்திகள். மூன்றாவது பத்தியில் ஓராண்டு முழுவதும் ஒரே பெயர். "மேற்படின்னு போட்டா போதாதா? மை மிச்சமாகும்," என்றான் அண்ணன். நான் இணங்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட தடவை 'கராம்பு நானா' என்று முழுமையாகவே எழுதினேன். இத்தகைய பிடிவாதங்களைத்தான் அக்காலத்தில் நான் ஒழுக்கம் என்று கருதியிருந்தேன்.

இனி, எங்கள் தோல்விகளுக்கு வருகிறேன். அலுவிகாரையில் தொடங்கி, கண்டி யாழ்ப்பாண வீதியில் வடக்கே நாவுல வரை போய்த் திரும்புவது பந்தயப் பாதை. போர்க்காலம்; வழியில் ஒரு பொலிஸ் சோதனைச் சாவடி. அங்கே பந்தயமாவது ஒன்றாவது. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் கடக்க வேண்டும். சிங்களவரான பண்டாரவின் அட்டையை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நானாவைச் சாவடியிலும் தெரியும். அண்ணனுக்கு வங்கி ஊழியர் அட்டை துணை நின்றது. தோட்டத் தொழிலாளர் லயத்து முகவரி கொண்ட செல்வராஜின் அட்டையை மட்டும் முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம் என்று எழுத்துக் கூட்டி வாசித்தார்கள்.

மற்ற மூவரும் போகலாம் என்பார்கள். நானா அசைய மாட்டார்.

"கார்ட் நாலு, சேர். மூணு வந்திரிச்சி," என்று சொல்லிவிட்டு, தெருவோரத்தில் சைக்கிளைச் சாய்த்து, இடுப்பிலிருந்து கராம்பு எடுத்து எல்லோருக்கும் ஒவ்வொன்று தருவார். காவலரும் ஒன்று எடுத்துக்கொள்வார். அட்டை வராது.

முதலாண்டில் நாங்கள் அலுவிகாரைக்குத் திரும்பியபோது முடிவுக்கோட்டின் பதாகையைச் சுருட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். மறு ஆண்டில் பதாகை கட்டியிருந்த மரத்தில் ஒரு மாடு மட்டும் கட்டப்பட்டிருந்தது. 'முடிக்கவில்லை' என்று இரண்டு முறை எழுதப்பட்டோம். மூன்றாம் முறையும் நால்வரும் சேர்ந்து கோட்டைத் தொடாவிட்டால் கழகத்தின் பெயரை நீக்கிவிடுவதாகக் கடிதம் வந்தது. அதை நானா கடையின் தராசுக்கு மேலே ஆணியில் மாட்டினார். வாடிக்கையாளர் கேட்டால் சிரித்தார். யாரும் இல்லாத நேரங்களில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு யன்னலிலிருந்து நான் பார்த்திருக்கிறேன்.

அவ்வாண்டு பந்தயத்தை நடத்தும் முறை எங்கள் கழகத்துக்கு வந்தது. நடத்தும் கழகம்தான் பொலிஸ் அனுமதி பெற வேண்டும். பழைய அனுமதிக் கடிதம் ஒன்றை நானா மாதிரிக்குக் காட்டினார். அதன் சாரம்: ஐயா, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓடப் போகிறோம். அன்றைக்குப் பிரச்சினை என்றால் சொல்லுங்கள், வேறு நாள் ஓடுவோம்.

இரண்டாம் ஆண்டு இலக்கிய மாணவியான எனக்கு அது அவமானமாக இருந்தது. ஓர் அரச அலுவலகத்துக்கு இப்படியா எழுதுவது? செல்வராஜின் அட்டைப் பிரச்சினைக்கும் ஒரே கல்லில் தீர்வு காண முடிவு செய்தேன். மூன்று நாள் அந்த வீதியில் பஸ்ஸில் போய் வந்தேன். யன்னலோரம் அமர்ந்து குறிப்பெடுத்தேன். பிறகு நான்கு பக்கக் கடிதமும் 'இணைப்பு ஒன்று' எனத் தலைப்பிட்ட வரைபடமும் தயாரித்தேன்.

அந்த வரைபடத்தைப் போல் அழகான எதையும் நான் அதற்கு முன் படைக்கவில்லை. பாலங்கள் நீலத்தில், மதகுகள் பச்சையில். வீதி எங்கே ஒடுங்குகிறது, எங்கே ஆள் நடமாட்டம் குறைவு. சாவடியில் மணல் மூட்டைகள் எத்தனை வரிசை. காவலர் மாறும் நேரம் காலை ஏழு. பழைய காவலர் தேநீருக்குப் போனபின் புதியவர் வரும்வரை ஏழு நிமிடம் அங்கே எவருமில்லை; அட்டை பார்க்க ஆளின்றி எங்கள் பஸ் காத்து நின்றது. வீரர்கள் அந்நேரத்தைத் தவிர்த்துச் சென்றால் தாமதம் குறையும் என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன்.

இதை வாசிக்கும் உங்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. குண்டு வெடிக்கும் செய்தியைக் காலைத் தேநீரோடு கேட்டுக்கொண்டிருந்த நாட்டில், பாலங்களையும் காவலர் இல்லாத ஏழு நிமிடங்களையும் வண்ணம் தீட்டிப் பொலிஸுக்கே அனுப்புகிற அளவுக்கு நான் கற்றவளாக இருந்தேன்.

நானா கடிதத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. உறையின் மேலிருந்த கையெழுத்தைப் பார்த்து, "மாஷா அல்லாஹ்," என்றார். வியாழக்கிழமை காலை, பண்டாரவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தம் கையாலேயே பொலிஸ் நிலையத்தில் கொடுத்தார்.

பண்டார மட்டும்தான் திரும்பி வந்தார்.

"அய்யோ நங்கி, நீ என்ன அனுப்பினது? கடிதமா, குண்டா?" என்று, என்னைச் சிங்களத்தில் தங்கையாக்கி, எங்கள் வாசலிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நடந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தோம். பொறுப்பதிகாரி வரைபடத்தை விரித்தாராம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாராம். "இதைக் கீறியது யார்?" என்று கேட்டாராம்.

நானா அப்போதுதான் அதை முதன்முதலில் பார்க்கிறார். நீலப் பாலங்களைப் பார்த்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். "நான்தான் சேர்," என்றார்.

"நீயா? சரி, ஒரு பாலம் கீறு, பார்ப்போம்."

நானா கீறினார். நீண்ட நேரம், நாக்கைக் கடித்துக்கொண்டு கீறினார். பொறுப்பதிகாரி தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன? எருமையா?"

"பாலம்தான் சேர். பக்கவாட்டில ஈக்கு."

விசாரணை முடியும்வரை நானா அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. ஞாயிறு பந்தயம். நானா இல்லாவிட்டால் நால்வர் இல்லை. நால்வர் இல்லாவிட்டால் கழகம் இல்லை. ஆனால் அப்போது என் மனத்தில் கழகம் இருக்கவில்லை. அந்த அகலமான மனிதர் என் சிவப்பு மைக்காக நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டுமே இருந்தது.

"நான் போய் உண்மையச் சொல்லிர்றேன்," என்றேன். மூன்று பத்தி கொண்ட வாக்குமூலம்கூட மனத்தில் தயார்.

பண்டார எழுந்து வழிமறித்தார். "வேணாம். நான் வர்றபோ நானா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். 'தங்கச்சிக்குச் சொல்லுங்க, சக்கரத்த விட வேணாம்.' அவ்வளவுதான். நீ போனா, அந்த ஆள் பாவம், முதல்லயிருந்து வேற பொய் சொல்லணும்."

அச்செய்தி எனக்களித்த நிம்மதியின் அளவைக் குறிப்பிட வெட்கமாக உள்ளது. ஆயினும் குறிப்பிடுகிறேன், தகவல்களில் கறார் என்று முதலிலேயே சொல்லிவிட்டேனே. வெள்ளிக்கிழமை நான் நிலையத்துச் சந்தி வரை நடந்தேன். அங்கே தபால் பெட்டி ஒன்று இருந்தது. அதில் எழுதியிருந்ததை மும்மொழியிலும் கவனமாக வாசித்தேன். பிறகு வீட்டுக்குத் திரும்பினேன்.

சனிக்கிழமை பிற்பகல் நானா வந்தார். நடை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பொறுப்பதிகாரி வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வரைபடத்தோடு தாமே சாவடிக்குப் போயிருக்கிறார். ஏழு நிமிடம் அங்கே எவரும் இல்லை. தாம் மட்டும் தனியே நின்றிருக்கிறார். அதன்பின் அவருடைய கோபம் முழுவதும் தேநீர் குடிக்கப் போனவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. நாவுலப் பொலிஸிலும் எங்கள் வார்டிலும் நானாவைப் பற்றி விசாரித்து, பந்தயத்துக்கு அனுமதியும் தந்து அனுப்பிவிட்டார்.

நான் கடை வாசலில் நின்றேன். தயாரித்த மூன்று பத்திகளையும் தொடங்க வாயெடுத்தேன்.

"நாளக்கி ஸ்டொப் வோச்சுக்கு சாவி குடுத்து வைங்க," என்றார் நானா.

ஞாயிறு காலை நான் எங்கள் அணியின் நேரங்காப்பாளராக முச்சக்கர வண்டியில் பின்தொடர்ந்தேன். நாவுல வரை எல்லாம் ஒழுங்கு. திரும்பும்போது சாவடி. இம்முறை அங்கே பொறுப்பதிகாரியே நின்றார். செல்வராஜின் அட்டையைப் பார்த்தார், கொடுத்தார். அண்ணனுடையதைக் கொடுத்தார். பண்டாரவுடையதைக் கொடுத்தார். நானாவின் அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "ஆ, எங்கள் ஓவியர்!" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். பக்கத்திலிருந்த காவலர்களைக் கூப்பிட்டு எருமைக் கதையை முழுவதும் சொல்லத் தொடங்கினார். மற்ற அணிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

"நீங்க மூணு பேரும் போங்க, நான் வாறன்," என்றார் நானா மெதுவாக.

செல்வராஜ் சைக்கிளைத் தெருவோரத்தில் சாய்த்தான். கைகளைக் கட்டிக்கொண்டான். "கார்ட் நாலு, சேர்," என்றான் பொறுப்பதிகாரியிடம். "மூணு வந்திருச்சு."

பொறுப்பதிகாரி அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு அவர் பார்வை அவனைத் தாண்டி என் மீது, என் கையிலிருந்த குறிப்பேட்டின் மீது, அதிலிருந்த சிவப்புப் பேனாவின் மீது நின்றது.

"இது யார்?"

"நேரம் பாக்குற புள்ள சேர்," என்றார் நானா அவசரமாக. "அதுக்குக் கீற வராது. ஒரு கோடு நேரா இழுக்கத் தெரியாது."

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. அதைக் கேட்ட அக்கணத்தில், உயிர் தப்பிய நன்றிக்கும் முன்னதாக, 'நேராக இழுக்கத் தெரியாதா?' என்று எனக்குக் கோபம் வந்தது. மனித மனத்தின் ஆழங்களைப் பற்றி அந்தப் பருவத்தில்தான் ஒரு கட்டுரை எழுதிச் சமர்ப்பித்திருந்தேன். முதற்றர மதிப்பெண்.

அட்டை வந்தது. நால்வரும் புறப்பட்டார்கள். எதிர்காற்று. வழக்கம்போல் நானா முன்னால். ஆனால் இரண்டு நாள் வாங்கில் மடங்கிக் கிடந்த முழங்கால்கள் அவை. பலாபத்வல தாண்டியதும் சைக்கிள் தள்ளாடியது. நெஞ்சின் இலக்கம் வியர்வையில் தையல் விட்டுத் தொங்கியது. மூவரும் நினைத்திருந்தால் பறந்திருக்கலாம்; பறந்து பயனில்லை. தராசுக்கு மேலே மாட்டிய கடிதம் என் கண்முன் ஆடியது.

அப்போது பண்டார சக்கரத்தை விட்டார். வெளியே வந்தார். நானாவைக் கடந்து முன்னால் போனார்.

"டேய், என்ன இது! உள்ளுக்கு வா!" என்று நானா கத்தினார்.

"வாய மூடிட்டு வாங்க நானா!" என்றான் செல்வராஜ், அவனும் ஒரு பக்கமாக முன்னேறி. "இன்னைக்கு நீங்க சக்கரத்த விடாதீங்க!"

அண்ணன் மறுபக்கம். மூன்று ஒல்லி மனிதர்கள் ஒரு சுவராகச் சேர்ந்தார்கள். அந்தச் சுவருக்கு இரு பக்கமும் நானா பிதுங்கிக்கொண்டுதான் இருந்தார். ஆயினும் காற்றில் பாதியாவது தடுக்கப்பட்டிருக்கும். தெரிந்தவர்கள் அலுவிகாரைக் கடைகளிலிருந்து கூப்பிட்டார்கள். வாழ்நாளில் முதன்முறையாக நானா யாருக்கும் கை தூக்கவில்லை.

பதாகை இருந்தது. அதைச் சுருட்ட இருவர் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நால்வரும் ஒன்றாகக் கடந்தார்கள். கடைசி இடம்தான், ஐயத்துக்கு இடமில்லாத கடைசி. நான் முச்சக்கர வண்டியிலிருந்து குதித்து, கூவி, கைதட்டி, இலக்கிய மாணவிக்குப் பொருந்தாத பலவற்றைச் செய்தேன். அமைதி திரும்பியபோது ஸ்டொப் வோச் என் கையில் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த மறந்துபோனேன். எட்டு அணிகளில் எங்கள் அணிக்கு மட்டும் நேரம் இல்லை.

"நாலு பேர் வந்தது உண்மதானே? அத எழுதுங்க," என்றார் நானா, மதகில் மல்லாந்து கிடந்தபடி. எழுதினேன். கழகத்தின் பெயர் நீக்கப்படவில்லை.

மூச்சு வந்ததும் அவர் தலையை மட்டும் திருப்பினார்.

"தங்கச்சி, ஒங்கட மேப்ல ஒரு பிழ ஈக்கு. ரெண்டு நாளா அதப் பாத்துக்கிட்டே இருந்தன். அவங்க மேசைலதான் விரிச்சி வெச்சிருந்தாங்க."

"என்ன பிழை நானா?"

"ஏத்தம் ஒண்டு கூடக் கீறல்ல."

உண்மைதான். நான் பஸ்ஸில் போனவள்.

அன்று பின்னேரம் பதிவேட்டை எடுத்தேன். பந்தயத்துக்குரிய வரியை நிரப்பினேன். பிறகு, அதற்கு மேலே விட்டிருந்த வெற்று வரியில், எந்தக் கழக விதியிலும் இடமில்லாத ஒரு பதிவை என் மிக நேரான கையெழுத்தில் சேர்த்தேன்.

நாள்: வியாழன் முதல் சனி வரை. தூரம்: பொலிஸ் நிலையத்து வாங்கு. முன்னால் சென்றவர்: கராம்பு நானா. பின்னால் இருந்தவர்: நான்.